உடைமரத்து வீடு

விளாத்திகுளம் சாலையில் பைக் பஞ்சர். ஒதுங்க உடைமரம் என்கிற முள்மரம் ஒன்றுதான் கிடைத்தது.

தலைக்கு மேலே கறுப்பாக ஏதோ கீச்சிட்டது. வெயில் பட்டதும் நீலமும் ஊதாவுமாக மின்னியது. ஊதாத் தேன்சிட்டு! பத்து கிராம்கூட இருக்காது, சத்தத்தைக் கேட்க வேண்டுமே.

ஆண்சிட்டு ஐயா பாடிக்கொண்டிருக்க, பெண்சிட்டு அம்மணி மட்டும் கூடு கட்டிக்கொண்டிருந்தார். நார், சருகு, சிலந்திவலை, நடுவில் கிழிந்த பஸ் டிக்கெட் ஒன்று. வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம்கூட!

ஐயாவின் பளபளப்பு இனப்பெருக்கக் காலம் வரைதான். அப்புறம் அவரும் அம்மணி மாதிரி மஞ்சளாகிவிடுவார். தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு கருங்கோடு மிச்சம்.

இந்தக் காட்டைத்தான் ‘தரிசு’ என்று எழுதி வைத்திருக்கிறோம். அங்கே வீட்டுவேலை மும்முரமாக நடக்கிறது.

“அண்ணாச்சி, வண்டி ரெடி” என்று பஞ்சர்காரர் இரண்டு முறை கூப்பிட்டாராம்.