33 முதியவர்களுக்காக விளைந்த திராட்சை

ஜெர்மனியின் விட்லிச் ரயில் நிலையத்தில் இறங்கி, பஸ் ஓட்டுநரிடம் "பெர்ன்காஸ்டல்-கூயஸ்" என்று டிக்கெட் கேட்டேன். "கூஸ்" என்று திருத்திவிட்டுச் சில்லறையை எண்ணித் தந்தார். எழுத்தில் இருக்கும் ஓர் உயிரெழுத்தை வாயில் விழுங்கிவிட வேண்டுமாம். ஒரு காலத்தில் ஊர் வரைக்கும் ரயிலே வந்திருக்கிறது. அந்தத் தடத்தில் இப்போது சைக்கிள்கள் ஓடுகின்றன.

மோசல் ஆற்றின் ஒரு கரையில் பெர்ன்காஸ்டல், எதிர்க்கரையில் கூஸ். 1905இல்தான் இரண்டும் ஒரே ஊராயின. சுற்றுலாக் கூட்டமெல்லாம் பெர்ன்காஸ்டல் பக்கம்தான். சந்தைச் சதுக்கத்தில் 1608இல் எழுந்த நகர மன்றம், சுற்றிலும் மரச்சட்ட வீடுகள். அவற்றில் 1416இல் கட்டிய ஒரு வீடு கீழே ஒடுங்கியும் மேலே அகன்றும், தலைச்சுமையோடு நிற்கும் ஒல்லியான ஆளைப் போல இருக்கிறது. அதன் முன்னால் படம் எடுக்க வரிசையே நிற்கிறது. நானும் நின்றேன்.

ஊருக்கு மேலே லாண்ட்ஷூட் கோட்டை. 1692இல் தீப்பிடித்து எரிந்தது, இன்றும் இடிபாடுதான். அங்கே ஏறும்போதுதான் திராட்சை வளர்ப்பின் பாடு புரிந்தது. மலைச்சரிவு அவ்வளவு செங்குத்து. காலடியில் சரசரவென்று நழுவுவது, பள்ளியில் எழுதிப் பழகிய அதே சிலேட்டுக் கல். பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிகளுக்குக் கொடுக்கிறது. இந்தக் குளிர்நாட்டில் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை பழுப்பதற்கு அந்தச் சூடு பெரிய உதவி. இந்தச் சரிவுகளில் அறுவடை இன்றும் பெரும்பாலும் கையால்தான். ஊருக்கு நேர் மேலே இருக்கும் தோட்டத்தின் பெயர் 'டாக்டர்'. 14ஆம் நூற்றாண்டில் கோட்டையில் நோயுற்றுப் படுத்திருந்த பேராயர் ஒருவர், வைத்தியர்கள் கைவிட்ட பிறகு இந்தச் சரிவின் ஒயினைக் குடித்து எழுந்தார் என்பது கதை. கதையால் ஒயினின் விலை ஏறியிருக்கிறது என்பது மட்டும் உறுதி.

பாலத்தைக் கடந்து கூஸுக்குப் போனேன். நான் வந்ததே இதற்காகத்தான்.

1401இல் இங்கே ஒரு படகு வணிகருக்கு மகனாகப் பிறந்தவர் நிக்கோலாஸ். குடும்பப் பெயர் கிரெப்ஸ், அதாவது நண்டு. அவருடைய சின்னத்திலும் சிவப்பாக ஒன்று இருக்கிறது, பார்த்தால் இறால் போல நீண்டிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் கர்தினாலாக உயர்ந்தார். பூமி பிரபஞ்சத்தின் மையம் அல்ல என்று 1440இலேயே, கோப்பர்நிக்கஸுக்கு நூறு ஆண்டுகள் முன்பே எழுதினார். 1444இல் நியூரம்பெர்கில் அவர் வாங்கிய வானியல் கருவிகளும், முந்நூறுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளும் இங்கே நூலகத்தில் இருக்கின்றன.

என்னை நிறுத்தியது நூலகம் அல்ல, 1458இல் அவர் எழுதிவைத்த அறக்கட்டளை. ஐம்பது வயதைக் கடந்த 33 ஏழை ஆண்கள் கடைசிவரை தங்க ஒரு விடுதி. கிறிஸ்து வாழ்ந்த ஆண்டுகளுக்கு ஓர் ஆண்டுக்கு ஒருவர் என்று கணக்கு. செலவுக்கு நிலங்களையும் திராட்சைத் தோட்டங்களையும் மானியமாக விட்டார். 1464இல் இத்தாலியின் டோடி நகரில் இறந்தார். உடலை ரோமில் அடக்கம் செய்தார்கள், இதயம் மட்டும் ஊர் திரும்பி விடுதியின் சிற்றாலயத்தில், ஓர் உலோகத் தகட்டின் கீழே கிடக்கிறது. பீடத்தின் ஓவியத்தில் அவரே மண்டியிட்டிருக்கிறார்.

560 ஆண்டுகளுக்கு மேலாகியும் கட்டடம் முதியோர் இல்லமாகவே இயங்குகிறது. அறக்கட்டளைக்கு இன்றும் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. எத்தனையோ போர்கள் நடந்த நாட்டில் ஒரு பத்திரம் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது. கோட்டை எரிந்துவிட்டது, அதைப் பார்க்கத்தான் கூட்டம் ஏறுகிறது.

சுற்றுத் தாழ்வாரத்தில் வளைவுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வழியை அடைத்து நின்றிருந்தேன். பின்னால் சக்கரச் சத்தம். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர், நான் நகர்வதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். எங்கிருந்தோ சூப் மணம் வந்தது. ஒதுங்கி வழிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.