பட்டால்யாவில் மொட்டையாக நிற்கும் தூண்கள்

எங்கட ஊரில் போர்த்துக்கேயர் என்று பேச்செடுத்தால் கதை நேரே கோட்டை வாசலுக்குத்தான் போகும். கோணேசர் கோயிலுக்குப் போக அந்த வாசலைத் தாண்டாமல் வழியில்லை. வாசல் கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கும். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்து, அந்தக் கல்லையே கொண்டு 1624 இல் கட்டின கோட்டை. திருகோணமலையில் சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும்.

அப்படி வளர்ந்தவனை மச்சான் (தங்கச்சியின் மனிசன், சுவிசில் இருக்கிறார்) மலிவு டிக்கெட் கிடைத்தது என்று லிஸ்பனுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருக்குக் கடற்கரை. எனக்கு, வீட்டுப் பிளான் கீறிப் பிழைக்கிற ஆள் என்பதால், கட்டடம். ஒருநாளை எனக்கென்று கேட்டு வாங்கி, வடக்கே சுமார் 120 கிலோமீற்றர் தள்ளியிருக்கிற பட்டால்யாவுக்குப் போனோம்.

அங்கே இருக்கிற பழைய மடத்துக் கோயில் ஒரு நேர்த்திக்கடன். போர்த்துக்கல் அரசன் பெர்னாண்டு 1383 இல் ஆண் வாரிசு இல்லாமல் செத்துப்போக, மகளைக் கட்டியிருந்த பக்கத்து நாட்டுக் கஸ்தீலிய அரசன் நாடு எனக்குத்தான் என்று படையோடு வந்துவிட்டான். எதிர்த்து நின்றவன் ஜுவாவ். செத்த அரசனுக்குத் தம்பி முறை, ஆனால் முறையான மனைவிக்குப் பிறந்தவன் இல்லை. 1385 ஆகஸ்ட் 14, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளுக்கு முதல்நாள், அல்ஜுபறோட்டா வெளியில் சண்டை. வென்றால் மாதாவுக்குக் கோயில் கட்டுவேன் என்று நேர்த்தி வைத்தான். ஆள்பலத்தில் எதிரி பல மடங்கு. பொழுதுபடுவதற்குள் கஸ்தீலியப் படை சிதறி ஓடியது. மடத்தின் முழுப்பெயர் வெற்றியின் புனித மரியாள் மடம்; பட்டால்யா என்றால் சண்டை. 1388 இல் டொமினிக்கன் துறவிகளிடம் கையளித்தான்.

உள்ளே கால் வைத்ததும் நான் பார்த்தது தூண்களை. தடித்த தூண்கள், கிட்டக்கிட்ட. நீளம் 80 மீற்றர், அகலம் 22, உயரம் 32க்குக் கிட்ட. அந்த ஒடுக்கத்தில் அந்த உயரத்தைப் பார்த்தால் கழுத்து தானாக நிமிரும். சோடனை ஒன்றும் இல்லை, வெறும் கல். முதல் சிற்பாசாரி அபோன்சு டொமிங்கெஸ் கணக்குத் தெரிந்த மனிசன். 1402 அளவில் அவருக்குப் பிறகு வந்த ஊகெத் கூரையை இன்னும் உயர்த்தினார், வெளிப்பக்கத்தில் சிகரங்களை அள்ளிவைத்தார். எனக்கு முதல் ஆளின் கைதான் பிடித்தது.

ஆனால் ஊகெத் கெட்டிக்காரன் இல்லை என்று சொல்லமுடியாது. துறவிகள் கூடுகிற மண்டபத்துக்குப் போனால் தெரியும். பக்கத்துக்கு 19 மீற்றர், சதுரம். நடுவில் ஒரு தூணும் இல்லை. விலா எலும்பு மாதிரிக் கல் வளைவுகள் எல்லாம் நட்சத்திரமாக விரிந்து நடுவில் சேருகின்றன. கம்பியும் கொங்கிறீட்டும் இருக்கிற இந்தக் காலத்திலேயே 19 மீற்றருக்கு நடுத்தூண் வேண்டாம் என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டால், நான் எஞ்சினியரிடம் போங்கோ என்று அனுப்பிவிடுவேன். கல் வளைவில் ஆபத்தான நேரம் முட்டுக் கழட்டுகிற நேரம். பலகையை எடுத்த பிறகுதான் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் கீழே நிற்கிறவன் கதை முடிந்தது. இரண்டு தரம் விழுந்தது, பிறகு மரண தண்டனைக் கைதிகளை வைத்துத்தான் முட்டைக் கழட்டினார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். உண்மையோ பொய்யோ, எந்த மேசன் பாசுக்கும் அந்தப் பயம் விளங்கும். மூலையில் சுவரைத் தாங்குகிற கல்லில் ஒரு ஆள் குந்தியிருக்கிறான், கையில் அளவுகோல். அவன்தான் சிற்பாசாரி என்கிறார்கள். அந்தக் கூரைக்குக் கீழே இப்போது முதலாம் உலகப்போரில் செத்த பேர் தெரியாத படையாட்களின் கல்லறை, 1921 இலிருந்து. பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள் அசையாமல் காவல்.

நிறுவினவரின் சிற்றாலயம் வாசலுக்குப் பக்கத்தில். ஜுவாவும் இங்கிலாந்துக்காரி பிலிப்பாவும் கல்லில் கைபிடித்தபடி படுத்திருக்கிறார்கள். சுவர் ஓரமாகப் பிள்ளைகள். அதில் ஒருவன் என்றிக்கே, ஆபிரிக்கக் கரையோரமாகக் கப்பல்களைத் தெற்கே அனுப்பிக்கொண்டே இருந்தவன், 1460 இல் செத்தவன். இன்னொருவன் பெர்னாண்டு. 1437 இல் மொறோக்கோவின் தாஞ்சியரில் தோற்றபோது பணயமாகப் பிடிபட்டவன். போர்த்துக்கேயர் முன்பு பிடித்த செயுத்தா துறைமுக நகரைத் திருப்பிக் கொடுத்தால் விடுகிறோம் என்றார்கள். கொடுக்கவில்லை. பெஸ் நகரச் சிறையிலேயே 1443 இல் செத்துப்போனான். “தம்பியை விட ஒரு துறைமுகம் பெரிசாப் போச்சு” என்றார் மச்சான். துறைமுகத்துக்காக எவர் எவரோ வந்து அடிபட்ட ஊர்க்காரனுக்கு இதில் என்ன புதினம்?

நான் பார்க்கவென்று போனது பின்பக்கத்தை. கோயிலுக்குள்ளால் போகமுடியாது, வெளியே வந்து சுற்றிப் போகவேண்டும். ஜுவாவின் மகன் துவார்த்தே தன் குடும்பக் கல்லறைக்கென்று தொடங்கின எண்கோண மண்டபம், சுற்றிவர ஏழு சிற்றாலயங்கள். 1438 இல் அவனும் செத்தான், ஊகெத்தும் செத்தான். பிறகு அரசன் மனுவேல் காலத்தில் சிற்பாசாரி மத்தேயுஸ் பெர்னாண்டெஸ் 1509 இல் வாசலை முடித்தார். சுமார் 15 மீற்றர் உயரம். முறுக்குப் பிழிந்த மாதிரி கல்லில் அடுக்கடுக்காக நூல்வேலை, விரல் வைக்க வெறும் இடமில்லை. எனக்கு அது கொஞ்சம் கூடிப்போச்சு. அந்த வாசலைத் தாண்டினால் பெரிய தூண்கள் பாதியில் வெட்டுப்பட்டு மொட்டையாக நிற்கின்றன. மேலே ஆகாயம். மழை நேரே நிலத்தில். துவார்த்தேயும் மனைவியும் ஒரு சிற்றாலயத்தில் கைபிடித்துப் படுத்திருக்கிறார்கள்; சிற்றாலயங்களுக்கு மேல் மட்டும் கூரை இருக்கிறது.

ஏன் முடிக்கவில்லை? மனுவேலின் கண் லிஸ்பனுக்குப் போய்விட்டது. பெலெமில் ஆற்றங்கரையில், கப்பல்கள் புறப்படுகிற இடத்தில், 1501 இல் ஜெரோனிமோஸ் மடத்தைத் தொடங்கினான். ஆபிரிக்கா, கீழைத்தேச வியாபாரத்தில் எடுத்த சுமார் 5 வீத வரிதான் அதற்குக் காசு. அதை மிளகு வரி என்றே சொன்னார்கள். கடல் கடந்த காசு வரத் தொடங்கினதும் தரையில் வென்ற சண்டைக்கு வைத்த கோயில் பழசாகிவிட்டது. மேசன்மாரும் காசு இருக்கிற வேலைக்குத்தான் போவார்கள். இலங்கைக் கரையில் அவர்களின் முதல் கப்பல் ஒதுங்கியது 1505 இல். பட்டால்யா மடத்தின் அரசமுற்றத்து வளைவுகளில் மனுவேல் காலத்தில் நிரப்பின கல்வலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கப்பல்களின் பாயில் இருந்த அதே சிலுவை, பக்கத்தில் மனுவேலின் சின்னமான வளையக்கோளம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1810, 1811 இல் நெப்போலியனின் படை எரித்துக் கெடுத்தது. 1834 இல் துறவி மடங்களையே அரசாங்கம் மூடியது. 1840 இலிருந்து திருத்த வேலை. 1983 இல் யுனெஸ்கோ பட்டியல். இப்போது பக்கத்தால் ஓடுகிற பெருந்தெருப் புகைதான் எதிரி. மஞ்சள் சுண்ணக்கல்லில் கறுப்புப் பொருக்குப் படிந்திருக்கிறது.

அடுத்தநாள் பெலெமுக்கும் போனோம். வரிசை தெருவரைக்கும் நின்றது. டிக்கெட் விலையைப் பார்த்து மச்சான் முணுமுணுத்தார். இது எங்கட பக்கத்துக் கடலில் எடுத்த வரியில் கட்டினது, அதைச் சொல்லி இலவசமாக விடச் சொல்லும் என்றேன். அவர் உண்மையாகவே கவுண்டரில் போய்ச் சொன்னார். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு இரண்டு டிக்கெட் அடித்தாள், முழு விலைக்கு.