கொடைக்கானல் வேண்டாம், அழகர்மலை போதும்

மார்ச் பிறந்தாலே எங்கள் வீட்டில் கொடைக்கானல் பேச்சு ஆரம்பித்துவிடும். வேன் வாடகை, ரூம், சீசனில் ஏறிக்கிடக்கும் சாப்பாட்டு விலை எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு மாத மளிகைக் காசு அதிலேயே போய்விடும். போன ஞாயிற்றுக்கிழமையும் அதே பேச்சு. "பேசாம அழகர்மலைக்குப் போவோம்டி" என்றார் அத்தை. சரி என்று கிளம்பிவிட்டோம். மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர்தான், சாயங்காலக் காபிக்கு வீடு திரும்பிவிடலாம்.

பங்குனியில் போவதுதான் சரி என்பது என் கட்சி. சித்திரை வந்துவிட்டால் அழகரே மலையை விட்டு வைகைக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது என்னால் ஆகாது. இப்போது போனால் வழியெல்லாம் புங்கமரம் தளிர்த்திருக்கிறது, மாந்தோப்புகளில் பிஞ்சு தொங்குகிறது, காலை பத்து மணி வரைக்கும் வெயிலும் நம்மோடு கொஞ்சம் அனுசரித்துப் போகிறது.

புதூரில் டவுன் பஸ் ஏறினோம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் அத்தை, நான், மகள் மூன்று பேரும் இலவசம். வீட்டுக்காரருக்கு ஒரு டிக்கெட், மகனுக்கு அரை டிக்கெட். எங்கள் குடும்பத்தில் ஆண்கள்தான் செலவு என்று அத்தை பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பஸ்ஸைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எனக்குக் கிடைத்த சீட்டில் பஞ்சு இல்லை, ஜன்னல் கண்ணாடி பாதியில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அப்பன்திருப்பதி வரை கூட்டமோ கூட்டம். இலவசத்துக்கு இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் காசு கொடுத்து நின்றுகொண்டே வந்தவர், பேசாமல் இருந்திருக்கலாம்.

அடிவாரத்தில் இறங்கியதும்தான் எரிச்சல் தொடங்கியது. மேலே நூபுர கங்கைக்கும் பழமுதிர்சோலைக்கும் போக வேன் உண்டு. "இன்னைக்கு வேன் ஓடலம்மா" என்று ஒரு ஆட்டோக்காரர் வந்து நின்றார். போக வர 700 ரூபாய். நடந்தே ஏறுகிறவர்கள் இருக்கிற தூரத்துக்கு 700! அத்தை 300-ல் ஆரம்பித்து 450-ல் முடித்தார். கொஞ்ச தூரம் ஏறியதும் எதிரே வேன் இறங்கி வருகிறது, ஆட்கள் நிறைய. "தம்பி, ஓடலைன்னியே?" என்றார் அத்தை. "இது வேற வேன் ஆத்தா" என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். மேலே போனதும் காத்திருக்கக் கூலி தனி என்று புதுக்கணக்கு வேறு. மேலே வந்ததற்குப் பாதிக் கணக்காக 225-ஐ அவர் கையில் வைத்துவிட்டு, திரும்பும்போது வேனில் இறங்கினோம். நீங்களும் வேனுக்கே காத்திருங்கள், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை.

கோபமெல்லாம் நூபுர கங்கைத் தண்ணீர் தலையில் விழும் வரைதான். சிலம்பாறு என்று பேர், ராக்காயி அம்மன் கோயில் தீர்த்தம். பெருமாள் உலகளந்தபோது அவர் காற்சிலம்பில் பட்டுத் தெறித்த தண்ணீர் என்பது கதை. அழகருக்கு அபிஷேகத்துக்கும் இந்தத் தண்ணீர்தான் போகிறது. ஊரில் குழாய்த் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்த நேரத்தில் இது மட்டும் எப்படி இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் பழமுதிர்சோலை. அறுபடை வீடுகளில் ஒன்று, ஔவையாரிடம் முருகன் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்டுக் கேலி பண்ணிய இடம். நாவல் பழத்துக்கு இது காலம் இல்லை என்றாலும் வழியில் கொய்யாவும் கொடுக்காப்புளியும் கூறு கட்டி வைத்திருந்தார்கள். கொடுக்காப்புளி வாங்கிய கையோடு ஒரு குரங்கு வந்து மகளிடமிருந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், எங்கள் கண்ணெதிரே உட்கார்ந்து கொட்டையைத் துப்பித் துப்பித் தின்றது. கையில் பாலித்தீன் பை தெரிந்தாலே அங்கே போச்சு.

மதியம் நடை சாத்துவதற்குள் கீழே அழகரைப் பார்த்துவிட வேண்டும், அதனால் வேகவேகமாக இறங்கினோம். தரிசனம் நிம்மதியாகக் கிடைத்தது. பதினெட்டாம்படி கருப்பருக்கு அங்கே சிலை இல்லை. பூட்டிய பெரிய கதவுக்குத்தான் சந்தனமும் மாலையும். மதுரைப் பக்கம் இந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் பண்ண ஆளே வராது. ஆட்டோக்காரரை இங்கே கூட்டிவந்து கேட்டிருக்கலாம் என்று அத்தைக்கு ஆதங்கம்.

இப்போது தோசை. இதற்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். அழகர்கோயில் தோசையை வீட்டுத் தோசையாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள், இது ஊத்தப்பத்துக்கு அண்ணன். பச்சரிசியும் தோல் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு தட்டிப்போட்டு, நெய்யில் வேகிறது. மேலே மொறுமொறு, உள்ளே மெத்து, கடிக்கிற இடத்தில் ஒரு முழு மிளகு. சட்னி, சாம்பார் ஒன்றும் கிடையாது, தேவையும் இல்லை. இந்தப் பெருமாளுக்குத்தான் ஆண்டாள் நூறு தடா, அதாவது நூறு பெரிய பானை, அக்காரவடிசில் நேர்ந்துகொண்டார். சாப்பாட்டு விஷயத்தில் அழகர் அந்தக் காலத்திலிருந்தே கொடுத்துவைத்தவர்! மண்டபத்து நிழலில் உட்கார்ந்து ஐந்து பேரும் பிட்டுப் பிட்டுத் தின்றோம். வீட்டுக்கென்று வாங்கிய தோசையும் பஸ் ஏறுவதற்குள் காலி.

காலையில் கிளம்பி ஒரே நாளில் திரும்ப இன்னொரு இடமும் சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, மாசியில் போய் வந்தோம். ஏழு குன்றுகள், குடைவரை சிவன் கோயில், பாறையில் மகாவீரர், தமிழ் பிராமி எழுத்து, தலைக்கு மேலே வட்டமடிக்கும் வல்லூறுகள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அப்படி இருந்தும் அந்த வட்டாரத்தையே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் திரண்டு எதிர்த்த பிறகு 2025 ஜனவரியில் அது ரத்தானது. மேலூர்க்காரர்களுக்கு ஒரு கும்பிடு. மலைப்பக்கம் கடை கண்ணி எதையும் எதிர்பார்க்காமல் தண்ணீரும் கட்டுச்சோறும் கொண்டுபோங்கள். பதினோரு மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது.

அடுத்த ஞாயிறு கீழக்குயில்குடி சமணர்மலை. அடிவாரத்தில் தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. படி ஏறச் சொல்லாதே, அய்யனாரோடு உட்கார்ந்துகொள்கிறேன் என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டார்.