ஒருபக்கம் சாய்ந்த முன் கார்டு: கோளாறு எங்கே இருந்தது, எப்படி எடுத்தோம்

இடுக்கி மலையில் பூப்பாறை, சூரியநெல்லி பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஓடுகிற பழைய ஜீப்புகளில் முன் கார்டு, அதாவது கிரில்லுக்கு முன்னால் கட்டுகிற இரும்புக் குழாய்ச் சட்டம், நேராக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது அரிது. இடது பக்கம் தூக்கியிருக்கும், அல்லது மேல் குழாய் முன்னால் சரிந்திருக்கும். கல்ரோட்டில் அடிபட்டு வளைந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பாதி வண்டிகளில் அது வளைந்தே இருக்காது. மாட்டிய அன்றே கோணலாக மாட்டியதுதான்.

மகேந்திரா கமாண்டர் ஒன்றில் இந்த வேலையை முழுதாகச் செய்து முடித்தோம். அதில் எடுத்த அளவுகளை அப்படியே தருகிறோம். லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்) உள்ள, சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனியாக இருக்கிற எந்தப் பழைய ஜீப்புக்கும் இதே முறைதான். ஏர்பேக் உள்ள வண்டிக்கு இந்த வேலையே வேண்டாம். முன்பக்கம் இரும்புச் சட்டம் கட்டினால் மோதலின் அதிர்ச்சி சென்சாருக்குப் போய்ச் சேருகிற விதம் மாறிவிடும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்த வகைக் கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறங்குகிற வண்டி என்றால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்த வண்டி தோட்டத்து மண்பாதையை விட்டு வெளியே வராதது.

வண்டி வந்தபோது தரையிலிருந்து பார்த்தால் கார்டின் இடது முனை வலது முனையைவிட 25 மில்லி உயரம். மேல் குழாய் வலது பக்கம் 14 மில்லி முன்னால் சரிந்தும், இடது பக்கம் 4 மில்லி சரிந்தும் நின்றது. கார்டின் அகலம் 1260 மில்லி. 50 மில்லி குழாய், 3 மில்லி கனம், மொத்த எடை 26 கிலோ அளவில். ஓட்டிவந்த தம்பி சொன்னது, "ஆசானே, ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி வலது பக்கத்தைத் தூக்கி முறுக்கிருங்க, போதும்." எல்லாப் பட்டறையிலும் செய்வதும் அதுதான். அளந்து பார்க்காமல் ஓட்டையைத் தொடுவதில்லை என்று சொல்லி வண்டியை நிறுத்திக்கொண்டோம்.

முதலில் காற்று. முன் வலது டயரில் 22 பிஎஸ்ஐ, இடதில் 30. இரண்டையும் 30க்குக் கொண்டுவந்ததும் 25 மில்லி 21 ஆனது. ஒரு ஸ்பானரும் எடுக்காமல் 4 மில்லி போய்விட்டது.

அடுத்து ட்யூப் மட்டம். நான்கு மீட்டர் நீளத்தில், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் பார்த்து, சேஸிஸின் இரண்டு முன் முனைகளிலும் வைத்தோம். மலையில் பட்டறைத் தரை எங்கேயும் சமமாக இருக்காது. அதனால் தரையிலிருந்து டேப் போட்டு அளந்த அளவை நம்பக்கூடாது. இடது முனை வலதைவிட 6 மில்லி உயரமாக இருந்தது. இரண்டு முனைகளுக்கும் இடைவெளி, நடுவுக்கு நடு, 720 மில்லி. கார்டோ 1260. அதாவது முனையில் வரும் ஒவ்வொரு மில்லி வித்தியாசமும் கார்டின் ஓரத்தில் ஒன்றே முக்கால் மில்லியாகத் தெரியும். 6 மில்லி பத்தரையாகிறது. ஆக 21இல் பாதி கார்டின் குற்றமே அல்ல, வலது ஸ்பிரிங் தளர்ந்து சேஸிஸே அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. டிரைவர் உட்காருகிற பக்கம் என்பதால் வலது கட்டு முதலில் தளர்வது வழக்கம். பட்டை முறிந்திருக்கிறதா, நடு போல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டும் இல்லை, வளைவு மட்டும் இறங்கியிருந்தது.

இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. ஸ்பிரிங் இறங்கியதைக் கார்டைத் தூக்கி மறைத்தால், பின்னால் ஸ்பிரிங்கை எடுத்து வளைவு ஏற்றுகிற நாளில் கார்டு மறுபக்கம் கோணலாக நிற்கும். கார்டு உட்காருவது சேஸிஸில். சேஸிஸை வைத்துத்தான் அதைச் சரிபார்க்க வேண்டும், தரையை வைத்தும் அல்ல, பேனட்டை வைத்தும் அல்ல.

பேனட்டை வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த வண்டியிலேயே பதில் இருந்தது. பாடியைத் தாங்குகிற ரப்பர்களில் முன் இடது ரப்பர் 5 மில்லி அமுங்கிப்போயிருந்தது. சேஸிஸ் வலது பக்கம் சாய, பாடி சேஸிஸின் மேல் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கிரில்லையும் கார்டையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்குக் கோணல் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. முன் ரப்பர் இரண்டையும் ஜோடியாக மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் புது ரப்பர் உயர்ந்து நின்று இன்னொரு கோணல் வரும்.

பிறகு சேஸிஸ் முனை வளைந்திருக்கிறதா என்று பார்த்தோம். சேற்றில் சிக்கிய வண்டியை ஒரே பக்கத்து முனையில் சங்கிலி போட்டு இழுத்தால் அந்த முனை உள்ளே திரும்பிவிடும். இடது ஸ்பிரிங் போல்ட்டிலிருந்து வலது முனைக்கும், வலது ஸ்பிரிங் போல்ட்டிலிருந்து இடது முனைக்கும் குறுக்களவு எடுத்தோம். வித்தியாசம் 2 மில்லிக்குள். அது பரவாயில்லை. 5 மில்லிக்கு மேல் வந்தால் கார்டு வேலையை நிறுத்திவிட்டு சேஸிஸ் வேலையை முதலில் செய்ய வேண்டும். கார்டின் குறுக்களவும் எடுத்தோம். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றுதான். கார்டு வளையவே இல்லை.

அப்படியானால் மீதிப் பத்தரை மில்லி எங்கே? கார்டைச் சேஸிஸ் முனையோடு சேர்க்கிற பிராக்கெட்டில். போல்ட்களுக்கு டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து முந்தின நாள் சாயங்காலமே ஊற்றி வைத்திருந்தோம். 19ஆம் நம்பர் ஸ்பானரில் எட்டு நட்டும் முறியாமல் திரும்பின. இடது பக்க நட்டுகளைக் கழற்றியதும் இடது பிராக்கெட் தானாகவே 3 மில்லி விலகி நின்றது. கவனிக்க வேண்டிய அடையாளம் இதுதான். கழற்றியவுடன் ஸ்பிரிங் மாதிரி விலகுகிற கார்டு, இத்தனை நாள் பலவந்தமாக முறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கடைசி போல்ட்டைக் கழற்றும் முன் கீழே மரக்கட்டை கொடுத்து, இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். 26 கிலோ கால்மேல் விழுந்தால் எலும்பு முறியும்.

வலது பிராக்கெட்டைத் திருப்பிப் பார்த்தபோது இரண்டு காரணமும் கண்ணெதிரே இருந்தன. ஒன்று, அதன் ஓட்டைகள் இடதை விட 6 மில்லி மேலே போடப்பட்டிருந்தன. சேஸிஸ் ஓட்டையோடு அவற்றைச் சேர்க்கும்போது கார்டின் வலது பக்கம் அதே 6 மில்லி கீழே போயிருக்கிறது. கார்டின் ஓரத்தில் கணக்கு பார்த்தால் பத்தரை மில்லி, சரியாகச் சேர்ந்துவிட்டது. இரண்டு, மேல் போல்ட்டுக்குப் பின்னால் வெல்டிங் மணி (வெல்டிங் வைத்த மேடு) அரைக்கப்படாமல் 3 மில்லி புடைத்திருந்தது. பிளேட் சேஸிஸ் முனையில் படியாமல் அந்த மணியின்மேல் உட்கார்ந்திருந்தது. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 90 மில்லி, கீழ் போல்ட்டிலிருந்து கார்டின் உச்சி 540 மில்லி. ஆறு மடங்கு. 3 மில்லி புடைப்பு உச்சியில் 18 மில்லி சரிவாகிறது. வலதில் 14, இடதில் 4 என்று பார்த்தோமே, அந்த 18தான். இடது பிராக்கெட் இழுத்துப் பிடித்ததால் இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த இழுப்புக்கு விலையும் கொடுத்திருக்கிறது. இடது பிராக்கெட்டின் முக்கோணத் தாங்கு பிளேட் குழாயோடு சேருகிற வெல்டிங் ஓரத்தில் 12 மில்லி நீளத்துக்கு மயிரிழை விரிசல். கல்ரோட்டு ஆட்டம் மட்டும் இருந்தால் அந்தத் தையல் தாங்கியிருக்கும். எப்போதும் முறுகி நிற்கிற இரும்பின்மேல் அந்த ஆட்டமும் சேரும்போதுதான் விரிகிறது. ஓட்டையைப் பெரிதாக்கித் தூக்கி முறுக்கியிருந்தால் வெளியே நேராகத் தெரிந்திருக்கும், விரிசல் உள்ளே வளர்ந்துகொண்டே போயிருக்கும்.

ஓட்டையை அரத்தால் நீட்டுவது தப்பே இல்லை, ஒரு எல்லை வரைக்கும். 12 மில்லி போல்ட்டுக்கு 12.5 ஓட்டை. அதை வட்ட அரத்தால் 3 மில்லி வரை நீட்டி, 4 மில்லி கனத்தில் சதுர வாஷர் கொடுத்தால் நிற்கும். 6 மில்லி நீட்டினால் வாஷர் உட்கார இரும்பு மிச்சமிருக்காது. கல்லில் ஒரு தடவை இடித்தால் கார்டு பழைய இடத்துக்கே வழுக்கிவிடும். கேஸ் கட்டிங்கில் ஓட்டை பெரிதாக்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஓரம் கரடுமுரடாகி, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். முன்பின் சரிவு மட்டும் இருந்து, படிகிற முகம் சுத்தமாக இருந்தால் பேக்கிங், அதாவது இடையில் வைக்கிற தகடு, போதும். ஒன்றரை மில்லி, மூன்று மில்லி தகட்டில் குதிரை லாடம் மாதிரி வெட்டி போல்ட்டின் மேலிருந்து செருகலாம். இந்த வண்டி கணக்கில் மேல் போல்ட்டிலிருந்து உச்சி 450 மில்லி, அதனால் கீழ் போல்ட்டுக்கு 1 மில்லி பேக்கிங் கொடுத்தால் உச்சி 5 மில்லி பின்னால் வரும். இரண்டு வாஷரை அடுக்குவது பேக்கிங் ஆகாது. அழுத்தம் ஒரு வட்டத்தில் மட்டும் விழும்.

நாங்கள் வலது பிராக்கெட்டின் பிளேட்டை கிரைண்டரில் வெட்டி எடுத்துவிட்டு, 8 மில்லி கனத்தில் புது பிளேட் போட்டோம். ஓட்டையின் இடத்தை டேப்பால் அளந்து குறிக்கவில்லை. பிளேட்டை சேஸிஸ் முனையில் கிளாம்ப் போட்டு, பின்னாலிருந்து சேஸிஸ் ஓட்டை வழியாகவே குறித்து, வெளியே எடுத்து டிரில் போட்டோம். அளந்து குறித்தால் ஒரு மில்லி தவறும், ஓட்டை வழியாகக் குறித்தால் தவறாது.

பிளேட்டை சேஸிஸில் முறுக்கியாயிற்று. கார்டை மரக்கட்டைகளின்மேல் நிறுத்தி, இடது பிராக்கெட்டை அதன் ஓட்டையில் கைமுறுக்கில் விட்டு, வலது பக்கத்தைச் சேஸிஸ் முனையிலிருந்து அளந்து சமமாக்கினோம். ரசமட்டத்தைக் கார்டின்மேல் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சேஸிஸ் இன்னும் 6 மில்லி சாய்வாகத்தான் நிற்கிறது, கார்டும் அதே சாய்வில் நிற்க வேண்டும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றி, எர்த் கிளாம்ப்பை அந்த பிளேட்டிலேயே போட்டோம். எர்த்தைத் தூரத்தில் போட்டால் கரண்ட் பேரிங் வழியாகவும் ஆல்டர்னேட்டர் வழியாகவும் போகப் பார்க்கும். 10 மில்லி நீளத்தில் நான்கு டேக் (பிடிப்புக்கு வைக்கிற சின்ன வெல்டிங்) மட்டும் வைத்து இறக்கிக்கொண்டோம்.

முழு வெல்டிங்கை வண்டியில் வைத்துப் போடக்கூடாது. சூட்டில் பிளேட் இழுக்கும். ஒரு பக்கமாகவே ஓட்டினால் 2 மில்லி சுலபமாகத் திரும்பிவிடும், செய்த வேலை எல்லாம் வீண். நீளமான ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) ஒன்றில் 720 மில்லி இடைவெளியில் ஓட்டை போட்டு, இரண்டு பிராக்கெட்டையும் அதில் முறுக்கி வைத்துக்கொண்டு, 3.15 ராடு, 110 ஆம்பியரில் எதிரெதிர்ப் பக்கமாக 30, 40 மில்லி துண்டுதுண்டாகப் போட்டோம். கை பொறுக்கும் சூடு வரும்வரை ஆங்கிளிலிருந்து கழற்றவில்லை. கார்டு ஜிஐ குழாயில் செய்தது என்றால் வெல்டிங் விழும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முழுதும் அரைத்து எடுத்த பிறகே தொடங்குங்கள். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

விரிசலை மேலே பூசி மூடவில்லை. இரண்டு நுனியிலும் 3 மில்லி ஓட்டை போட்டு நிறுத்தி, வி வடிவில் அரைத்துத் திறந்து, அடியிலிருந்து நிரப்பினோம். படிகிற முகங்கள் நான்கையும் நேர்க்கோல் வைத்து அரைத்தோம். குழாயின் அடிப்பக்கம் இரண்டு இடத்தில் 6 மில்லி வடிகால் ஓட்டை. சின்னக்கானல் மழையில் மூடிய குழாய்க்குள் தண்ணீர் எப்படியும் சேரும், துரு உள்ளிருந்து தின்னும். ரெட் ஆக்சைடு இரண்டு கை, மேலே கறுப்பு.

மாட்டும்போது எட்டு போல்ட்டும் புதிது, 8.8 கிரேடு, நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகத் தளராத நட்டு). எல்லாவற்றையும் கைமுறுக்கில் விட்டு, எந்த பிராக்கெட்டிலும் இடைவெளி தெரியவில்லை என்று பார்த்து, கீழ் வரிசை பாதி, மேல் வரிசை பாதி, பிறகு இடமும் வலமும் மாற்றி மாற்றி 80 நியூட்டன் மீட்டர். 10 மில்லி போல்ட் உள்ள வண்டிக்கு 45 முதல் 50 போதும். சேஸிஸோடு பார்த்தால் ஓரத்துக்கு ஓரம் வித்தியாசம் 1 மில்லி, சரிவு இரண்டு பக்கமும் 2 மில்லிக்குள்.

கிரில்லுக்கும் கார்டுக்கும் எங்கேயும் 15 மில்லிக்குக் குறையாமல் இடம் விட்டிருக்கிறோம். பாடி ரப்பரின்மேல் ஆடும், கார்டு ஆடாது. நெருக்கி வைத்தால் முதல் பள்ளத்திலேயே உரசும். பேனட் முழுதாகத் திறக்கிறதா, சாயங்காலம் ஐந்து மீட்டர் தள்ளி சுவரில் ஹெட்லைட் அடித்தால் குறுக்குக் குழாயின் நிழல் விழுகிறதா என்பதையும் பார்த்தோம். நிழல் விழவில்லை.

ஒவ்வொரு நட்டின் மேலும் வெள்ளை பெயின்ட்டில் கோடு போட்டு அனுப்பினோம். பத்து நாள் தோட்டத்து ஓட்டத்துக்குப் பிறகு வந்தபோது வலது மேல் நட்டு இரண்டிலும் கோடு விலகாவிட்டாலும் கால் திருப்பு இறுக்கம் ஏறியது. படிகிற முகத்தில் பெயின்ட் நசுங்கியதால் வரும் தளர்வு அது. அடுத்த பத்து நாளில் ஒன்றும் ஏறவில்லை. வலது ஸ்பிரிங் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஸ்பிரிங் கட்டுகள் இரண்டையும் சேர்த்து இறக்கித் தேனிக்கு அனுப்ப வேண்டும். வந்து மாட்டிய பிறகு கார்டில் கைவைக்கத் தேவையிருக்காது.