நைனா பாடிய ப்ளூஸ்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, புளியந்தோப்பில் எங்கள் மொட்டை மாடியில் நைனா ஒரு பாட்டு பாடினார். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் செயின்ட் லூயிஸ் போய் வந்ததைச் சொல்லியாக வேண்டும்.

கம்பெனி வேலையாக மூன்று வாரம் அமெரிக்காவில் அந்த ஊரில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, வாஷிங்டன் அவென்யூவில் இருக்கும் நேஷனல் ப்ளூஸ் மியூசியத்துக்குப் போனேன். 2016 ஏப்ரலில் திறந்தது. மிசிசிப்பி ஆறு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை. அதில் எனக்கு பி.பி. கிங் என்ற பாடகரின் பெயர் மட்டும் தெரியும். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று நினைத்து உள்ளே போனவன், வெளியே வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

1865இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நிலம் மட்டும் பழைய முதலாளிகளிடமே இருந்தது. கறுப்பின மக்கள் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டார்கள். விதையும் சாப்பாட்டுச் சாமானும் கடனாக வரும். அறுவடை முடிந்ததும் கணக்கு பார்ப்பது முதலாளி. பலருக்கு மிஞ்சுவது கடன்தான். அந்தப் பருத்திக் காட்டில் ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் பதில் குரல் கொடுத்துக்கொண்டே வேலை செய்தார்கள். ப்ளூஸ் அங்கிருந்து வந்தது.

பருத்தி என்றதும் எனக்கு தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. அவர் பின்னி மில் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து வரும்போது தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், வாசலிலேயே தட்டிவிட்டு உள்ளே வருவார் என்று ஆயா சொல்லும். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து கானா பாடுவாராம். தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ராத்திரி முழுக்க அவர் குரல்தான். நான் பிறப்பதற்கு முன்னாடியே போய்விட்டார். அவர் குரல் எந்த கேசட்டிலும் இல்லை.

மியூசியத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஜக் பேண்டு. காசு கொடுத்து வாத்தியம் வாங்க முடியாதவர்கள் சாராய ஜாடியின் வாயில் ஊதி அடிநாதம் எழுப்பினார்கள். துணி துவைக்கிற தகரப் பலகையை விரலால் உரசித் தாளம் போட்டார்கள். நம் ஏரியாவில் பானையும் சோற்றுத் தட்டும் தீப்பெட்டியும் எடுத்து கானா பாடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் மனதை அறுத்தது. 1941இல் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு மிசிசிப்பியில் ஸ்டோவல் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த மடி வாட்டர்ஸ் என்ற பாடகர் பாடியதைப் பதிவு செய்தார்கள். 1943இல் அவர் சிகாகோவுக்குக் கிளம்பினார். இரைச்சலான கிளப்புகளில் கேட்க வேண்டுமே என்று எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்தார். பிற்பாடு வந்த ராக் இசைக்கு அதுவும் ஒரு அடித்தளம். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரோ ஒரு வீட்டு வாசலுக்குப் போனதால் அந்தக் குரல் இன்றைக்கும் கேட்கிறது. புளியந்தோப்புத் திண்ணைக்கு அப்படி யாரும் வரவில்லையே என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

மியூசியத்தில் நாமே ஒரு பாட்டு செய்யலாம். திரையைத் தொட்டு வரிகளையும் வாத்தியங்களையும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மவுத் ஆர்கன், கிட்டார், பியானோ எல்லாம் உண்டு. முடித்த பாட்டு நம் மெயிலுக்கு வந்துவிடும். இதைச் செய்தபோதுதான் ப்ளூஸின் கட்டுமானம் பிடிபட்டது. மூணே வரி. முதல் வரியை அப்படியே இரண்டாவது முறை பாட வேண்டும். மூணாவது வரி அதற்குப் பதில். ஒரு வரிக்கு நாலு தாளக் கட்டம், மொத்தம் பன்னிரண்டு. வரியைப் பாடி முடித்தபின் மிச்சமிருக்கும் இடத்தில் கிட்டார் பேசும். பாடுகிறவர் சும்மா இருக்க வேண்டும்.

சரி, இப்போது மொட்டை மாடிக்கு வருகிறேன்.

நைனா ஆட்டோ ஓட்டுகிறவர். சாவு வீடுகளில் பாடிப் பழக்கம் உண்டு. மெயிலில் வந்த பாட்டை ஸ்பீக்கரில் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். இங்கிலீஷ் வரிகள் அவருக்குப் புரியாது. முடிந்ததும், "பாடிட்டு வுட்டுட்றான். கிட்டாரு வாங்கிக்குது. நம்ம டோலக்கு மாதிரி தான்டா" என்றார். நான் அரை நாள் நின்று புரிந்துகொண்டதை ஒரே தடவை கேட்டுச் சொல்லிவிட்டார். மூணு வரிக் கணக்கை மட்டும் நான் சொன்னேன். "ரெண்டாவது வாட்டி அதே வரியா? அடுத்த வரிய யோசிக்க நேரம் கெடைக்குமே" என்றார். பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

சங்கு ஊதிடுச்சு, எங்க நைனா சைக்கிளு இன்னும் வரல.
சங்கு ஊதிடுச்சு, எங்க நைனா சைக்கிளு இன்னும் வரல.
சோறு வடிச்ச எங்கம்மா, வாசல வுட்டு நகரல.

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் வாயை மூடிக்கொண்டு குடத்தில் பதில் வாசித்தார். மூணாவது வரிக்குப் பின்னால் ரொம்ப நேரம் வாசித்தார். கட்டக் கணக்கு அங்கே தப்பிப்போனது. எனக்கு அந்த இடம்தான் பிடித்தது. மில் சங்கு ஊதியும் தாத்தா வீட்டுக்கு வரத் தாமதமான ஏதோ ஒரு ராத்திரியை நைனா இத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்திருக்கிறார். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

இந்த முறை போனில் பதிவு செய்துவிட்டேன். கடைசியில் பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு ரயில் ஹாரன் நீளமாகக் கேட்கிறது, அதற்கும் நைனா குடத்தில் ரெண்டு தட்டு தட்டுகிறார். அந்தச் சத்தத்தை வெட்டி எடுத்துவிடலாம் என்று நண்பன் சொன்னான். நான் வெட்டவில்லை. வருகிற ஞாயிறு, தாத்தா பாடிய பாட்டில் ஞாபகம் இருக்கிற வரைக்கும் பாடுகிறேன் என்று நைனா சொல்லியிருக்கிறார். ஆயாவையும் மாடிக்குக் கூட்டி வர வேண்டும், விட்டுப்போன வரிகள் அதற்குத்தான் தெரியும்.