445 பேர் வாழும் தீவு

மும்பை செம்பூரில் எங்கள் அடுக்ககத்தின் ஒரு டவரை எடுத்துக்கொண்டாலே அதைவிட அதிகம் பேர் இருப்போம். 2021 கணக்கெடுப்பில் லார்ட் ஹாவ் தீவின் மொத்த மக்கள்தொகை 445தான்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 600 கி.மீ. தள்ளி, டாஸ்மன் கடலில் எஞ்சி நிற்கும் பழைய எரிமலை அது. நீளம் 10 கி.மீ. அகலம் சில இடங்களில் அரை கி.மீ. கூடக் கிடையாது. சுற்றிலும் கடல் என்பதால் கோடையிலும் பகல் வெப்பம் 25, 26 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

எனக்கு அதில் மனசு போய் நின்றது தெற்கே இருக்கும் கோவர் மலையில். 875 மீட்டர் உயரம். ஈரக் கடற்காற்று அதில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, உச்சியில் மேகமாகக் கவிகிறது. அதனால் அங்கே பாறை, வேர், கிளை என்று எல்லாவற்றிலும் பாசி படர்ந்த குட்டை மரக் காடு. உலகில் வேறெங்கும் இல்லாத செடிகள் அதில் இருக்கின்றன.

1918இல் தரைதட்டிய மகாம்போ கப்பலிலிருந்து எலிகள் கரையேறின. கொஞ்ச வருடங்களிலேயே சில பறவையினங்கள் பூண்டோடு போய்விட்டன. நினைத்தாலே வயிறு எரிகிறது. 2019இல் தீவு முழுக்க விஷ இரை வைத்து எலிகளை ஒழிக்க இறங்கினார்கள். அதன்பின் பறக்க முடியாத வுட்ஹென் பறவைகள் நன்றாகப் பெருகியிருக்கின்றன.

ஒரே நேரத்தில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் அங்கே தங்க முடியாது. மும்பைக்காரர்கள் கூட்டமாகப் போகும் நம் மலைவாசத்தலங்களான மாத்தேரானுக்கும் லோனாவாலாவுக்கும் இப்படி ஒரு வரம்பு கட்டாயம் வேண்டும். மழைக்கால ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பக்கம் போய் வந்தவர்களுக்கு ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.