வால்டாக்ஸ் ரோடு வழியாக வந்த குரல்

அக்டோபர் 29

சென்ட்ரலில் இறங்கி பஸ் ஏறாமல் வால்டாக்ஸ் ரோட்டில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படப்பெட்டி பம்பாயிலிருந்து ரயிலில் வந்து இறங்கியதும், சாமி புறப்பாடு மாதிரி இந்த வழியாகத்தான் ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, ரோஜா இதழ் தூவி, கினிமா சென்ட்ரல் கொட்டகை வரைக்கும். இன்று அதே ரோட்டில் மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டிகள். "ஓரமா போம்மா" என்று ஒருவர் சத்தம் போட்டபிறகுதான் நடுரோட்டில் நிற்கிறேன் என்பதே உறைத்தது.

அக்டோபர் 30

மழை. கினிமா சென்ட்ரல் என்றால் ஆயாவுக்குப் புரியவில்லை. "முருகன் டாக்கீஸ்னு சொல்லு கண்ணு" என்றாள். பின்னால் வந்த பெயர் அதுதான்.

அக்டோபர் 31

படம் வெளியான நாள். கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. திருவையாற்றில் பிறந்தவர், நாடக மேடையில் வளர்ந்தவர், அப்போது வயது 19. அவர் தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். ஜனங்கள் அதையும் ஆசையாகப் பார்த்தார்கள். பின்னணிப் பாட்டு வராத காலம். காமிரா ஓடும்போதே நடிக்கவும் வேண்டும், சுருதி விலகாமல் பாடவும் வேண்டும். காந்தியின் கைராட்டினத்தைப் போற்றியும் பாடினார். வெள்ளைக்காரன் ஆட்சியில்!

'முதல் தமிழ்ப் பேசும்பட நாயகி' என்று ஒரு வரியோடு அவரை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது. 1936-இல் தான் எழுதிய நாவலையே 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். இயக்கம், தயாரிப்பு, நடிப்பு எல்லாம் அவரே. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவர்தான். நடிகையாவதற்கே வீட்டோடும் ஊரோடும் மல்லுக்கட்ட வேண்டிய காலத்தில் அந்தப் பெண் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

நவம்பர் 11

அவர் பிறந்தநாள். 1911. ஜெராக்ஸ் கடையில் அவருடைய பழைய படம் ஒன்றைப் பெரிதாக எடுத்து வந்தேன். ஆயா ஜன்னல் பக்கம் நகர்ந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, காகிதத்தை மூக்குக்கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு பாடுனத நீ கேட்டுக்கீறியா?"

இல்லை ஆயா, 'காளிதாஸ்' பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றேன். சரி என்றாள். அப்புறம் பூஜை அலமாரியிலிருந்து சின்னத் துண்டு கதம்பம் கிள்ளி வந்து அந்தக் காகிதத்தின் மேல் வைத்தாள்.